தொழுவத்துக்கு வந்த துரைமார்

இப்போதெல்லாம் ஒரு ஊரையே நம்ப வைக்க ஒரு வெள்ளைத் துணியும் ஒரு விளக்கும் இருந்தால் போதும் என்று வேதமுத்து சொல்லிக்கொண்டே இருந்தார். யாரிடம் என்றில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது மாட்டிடம் சொன்னார். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவனிடம் சொன்னார். அவன் தலையாட்டியதால் அவனையும் நம்பவில்லை.

"முன்னெல்லாம் ஒரு காளை வாங்கணும்னா சந்தை சந்தையா அலைவோம். பல்லைப் பாப்போம், சுழியைப் பாப்போம், நடக்கவிட்டுப் பாப்போம். இப்போ கோயில் செவுத்துல துணியைக் கட்டிப் படம் காட்டுதான். படத்துல பன்னி குட்டி போடுது. இவனுவ இங்கன கையைத் தட்டுதானுவ. படத்துல போட்ட குட்டி ஒன் வீட்டுக்கு வந்துருமாலே?"

அது எண்பத்தொன்றாம் வருடம். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் ரோட்டில் இறங்கி, கரிசல் காட்டு வண்டிப்பாதையில் நடந்தால் வருகிற சின்ன ஊர். அந்தப் படத்தைக் காட்டிய சபை வாலிபர் சங்கம், படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு ஒரு தொழில் என்று சொல்லி வெள்ளைப் பன்றிகள் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தது. வளர்க்கிறவர்கள் முதல் ஈற்றில் இரண்டு பெட்டைக் குட்டிகளைச் சங்கத்துக்குத் திருப்பித் தரவேண்டும். அவை அடுத்த வீட்டுக்குப் போகும். அப்படியே ஊர் முழுக்கப் பெருகும் என்று கணக்கு. முதல் வீடாகப் பேர் கொடுத்தது வேதமுத்துவின் வீடு. கொடுத்தது அவரல்ல, அவருடைய கடைசி மகள் எஸ்தர்ராணி.

கேள்விப்பட்ட அன்று அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏட்டி, ஆண்டவர் பிசாசைத் தொரத்தி எதுக்குள்ள அனுப்புனாரு? பன்னிக்குள்ள. அதைக் கொண்டாந்து என் தொழுவத்துல கட்டணுமோ?"

அவர் மனைவி நேசம்மாள் தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். "அந்தப் பன்னி ரெண்டாயிரமும் கடல்ல விழுந்து செத்துட்டு. இது வேற பன்னி. சாப்பிடுங்க."

எஸ்தர்ராணி தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். கோழி கூப்பிடும் முன்பே ஆபீஸ் வண்டி ரோட்டில் வந்து ஆரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை நெல்மூட்டை போல ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்து திரும்பும்போது அவள் தாவணியில் தீக்குச்சி மருந்து வாடை இருக்கும். ஒரு வருடமாக இருமலும் இருந்தது. வறட்டு இருமல். படுத்தால் கூடும். வேதமுத்து அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அந்த வண்டியின் ஆரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் வெளியே துப்பிவிட்டு வருவார்.

"ஒரு ஈத்து பாக்கேன்யா," என்று அவள் அன்று சொன்னாள். "ஒரு ஈத்து சரியா வந்துட்டா நான் வண்டிக்குப் போவேண்டாம். சரிவரலைன்னா போயிருதேன். நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அந்த வீட்டில் சம்மதம்.

ஆடி மாதம் மூன்று வந்தன. இரண்டு பெட்டை, ஒரு கடுவன். ரோஜாப் பூ நிறத்தில் தோல், அதன் மேல் வெள்ளை மயிர். சங்கத்துச் செயலாளர் யோவான் வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடி வந்தன. அடுத்த வீட்டு அழகிரிசாமி, ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவர், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வெள்ளக்காரன் போயிட்டான் போயிட்டான்னாங்க. ஒங்க தொழுவத்துலல்லா வந்து உக்காந்திருக்கான்!"

அன்றிலிருந்து அவற்றுக்குத் துரைமார் என்று பேர் விழுந்தது. "தொரைமார் சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?" "தொரைக்குக் காய்ச்சலாமே?" வேதமுத்து டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். காளை மாட்டுக்காரன் என்று பசுவந்தனைச் சந்தை வரை பேர் வாங்கிய மனிதர் அவர். அவருடைய செவலையும் மயிலையும்கூட முதல் நாலைந்து நாள் அந்த வாடைக்கு மிரண்டு, மூக்கை விடைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் நின்றன. "பாத்தியா, வாயில்லாத சீவனுக்குத் தெரியுது," என்றார்.

தொழுவத்தின் கடைசியில் இடுப்புயரத்துக்குக் கல்சுவர் வைத்து, பனை ஓலை வேய்ந்து, தரைக்குச் சிமிண்டு பூசி எஸ்தர்ராணி பட்டி கட்டினாள். யோவான் சொல்லிக்கொடுத்தது ஒன்று விடாமல் செய்தாள். மில்லில் தவிடு வாங்கினாள். அதில் கடலைப் புண்ணாக்கும் உடைத்த சோளமும் கலந்தாள். வாரத்தில் பாதி நாள் மத்தியான பஸ்ஸில் கோவில்பட்டி போய், ஓட்டல்களில் மிச்சம் மீதியையும் கழனித் தண்ணீரையும் டின்னில் வாங்கி வந்து, கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றினாள். கண்டக்டர் டின்னை மேலே ஏற்றச் சொல்லித் திட்டுவான். அவளும் மேலே ஏற்றிவிட்டு வருவாள். வெயில் ஏறினால் பன்றிகளின் மேல் தண்ணீர் தெளிப்பாள். ஆபீஸ் வண்டிக்குப் போவதை ஆடியிலேயே நிறுத்தியிருந்தாள். இருமல் குறைந்திருந்தது. இதையும் வேதமுத்து சொல்லவில்லை. கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

அவருக்கு உறுத்தியது தீனி.

"தவிடும் கழனியும் ஒரு தீனியா? ஒண்ட வந்த நாயிக்கு ஊத்துற மாதிரில்லா ஊத்துதா. என் வீட்டுல ஒரு சீவன் விலா எலும்பு தெரிய நின்னுச்சுன்னு ஊர் சொல்லக்கூடாது."

"அவ படிச்சுட்டு வந்து செய்யுதா," என்றாள் நேசம்மாள்.

"எங்கன படிச்சா? அந்தத் துணியிலயா?"

கரிசல் காட்டில் எந்த உயிருக்குத் தெம்பு வேண்டுமானாலும் பருத்திக்கொட்டைதான். கன்று போட்ட பசுவுக்கு அது. உழவுக்கு முன்னால் காளைக்கு அது. ஊறவைத்த கொட்டையை ஆட்டுரலில் போட்டு மாவாக ஆட்டி, பாலும் சக்கையுமாகத் தொட்டியில் ஊற்றினால் மாடு கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சும். நாலு வாரத்தில் தோல் மினுமினுக்கும். மனிதருக்கும் அதுதான். சளி கட்டினால் பருத்திப்பாலில் கருப்பட்டி போட்டுக் குடிப்பார்கள், நெஞ்சுக்குப் பலம் என்று. வேதமுத்து வீட்டில் கொட்டை தீர்ந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஒருநாள் மத்தியானம் எஸ்தர்ராணி பஸ்ஸுக்குப் போன பிறகு, காளைகளுக்கு ஆட்டியதில் ஒரு செம்பு எடுத்துப் பன்றித் தொட்டியில் ஊற்றினார். மூன்றும் முகர்ந்துவிட்டு விலகின. "ஏன், தொரைக்கு எறங்காதோ?" என்று வைதுவிட்டு, கொஞ்சம் கருப்பட்டித் தண்ணீர் கலந்து வைத்தார். நக்கிப் பார்த்தன. பிறகு ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தொட்டியை வழித்தன. நின்று பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் இல்லாத மத்தியானம் எல்லாம் ஊற்றினார். செம்பு வாளியானது. அவள் ஊரில் இருக்கிற நாளிலும் குளிக்கப் போன நேரமோ கோயிலுக்குப் போன நேரமோ பார்த்து ஊற்றினார். ஒளித்துச் செய்ததாக அவர் நினைக்கவில்லை. தன் தொழுவத்தில் தீனி வைக்க யாரிடம் கேட்கவேண்டும்? துரைமாருக்கு அவர் காலடிச் சத்தம் பழகிவிட்டது. அவர் தலை தெரிந்தால் போதும், மூன்றும் சுவரில் மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு உறுமும். "பொறுங்கலே, கத்தாதீங்கலே," என்பார். மகள் ஒருநாள் அவற்றின் முதுகைத் தடவிப் பார்த்து, "அம்மா, நல்லா மினுமினுன்னு தெளிச்சியா வருதும்மா. தை மாசம் கடுவனோட சேத்துடலாம்னு யோவானண்ணன் சொல்லுதாவ," என்றபோது அவர் மாட்டுக் கயிற்றைத் திரித்துக்கொண்டே சிரித்தார். தவிட்டில் தெளிச்சி வருமாக்கும்!

ஐப்பசி மழை பிடித்த வாரம் கடுவன் தீனி எடுக்கவில்லை. மூலையில் கிடந்து மூச்சு வாங்கியது. விலா இரண்டும் கொல்லன் துருத்தி போல ஏறி இறங்கின. நேசம்மாள் வேப்பிலைப் புகை போட்டாள், ஜெபம் பண்ணினாள். மறுநாள் காலையில் அது செத்துக் கிடந்தது. வாயில் நுரை.

எஸ்தர்ராணி அழவில்லை. தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "ஓட்டல் கழனியில ஏதும் கெடந்திருக்குமோ? நான்தான் சரியாக் கொதிக்க வைக்கலையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"கழனியுமில்ல, ஒண்ணுமில்ல," என்றார் வேதமுத்து. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன வாரம்தான் அழகிரிசாமியின் ஆடுகள் அவர் பருத்தியில் வாய் வைத்தன என்று பிடித்துக் கட்டிப் போட்டிருந்தார். அழகிரிசாமி வந்து பன்றி வாடையில் சோறு இறங்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துப் போனார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நேரே வேலிக்குப் போனார். "ஏலே அழகிரி! எதுன்னாலும் என்கிட்ட வந்து பேசணும். வாயில்லாத சீவனுக்கு வெசம் வைக்கவன் ஆம்பளையாலே?"

அழகிரிசாமி குழைக்கட்டைக் கீழே போட்டார். "அண்ணாச்சி, வார்த்தையை அளந்து பேசுங்க. ஆடு மேய்க்கவன் இன்னொரு சீவன் வாயில வெசம் வப்பானா? வச்சா என் பட்டியில ஒரு உருப்படி தங்குமா?"

"வாடை அடிக்கின்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். இப்பவும் சொல்லுதேன், வாடை அடிக்கி! அதுக்குக் கொல்லுவாகளா? அப்படிப் பாத்தா இந்த ஊர்ல எத்தன பேரைக் கொல்லணும்!"

பக்கத்து வீடுகளில் சிரித்தார்கள். வேதமுத்துவுக்கு அது இன்னும் ஏறியது. அன்றிலிருந்து வேலியின் இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. வருடந்தோறும் மழைக்கு முன்னால் அழகிரிசாமியின் ஆட்டுக்கிடை எருவுக்காக அவர் புஞ்சையில் கிடப்பது வழக்கம். இனி வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

மிச்சம் இருந்த இரண்டு பெட்டையையும் காப்பாற்றியாக வேண்டும். எஸ்தர்ராணி கழனியை நிறுத்தினாள். இரண்டு முறை கொதிக்க வைத்த தண்ணீரைக் காட்டினாள். ராத்திரிக்குச் சாக்குப் படுதா கட்டினாள். வேதமுத்து தனக்குத் தெரிந்ததைச் செய்தார். உடம்பில் தெம்பு இருந்தால் எந்த நஞ்சும் ஏறாது. வாளியை நிரப்பி ஊற்றினார். அவை முன்போல் தள்ளிக்கொண்டு வரவில்லை. பாதி தொட்டியில் கிடந்தது. "குடிங்கலே. குடிச்சாத்தான் பொழைப்பீங்க," என்று பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, கையில் அள்ளி வாயில் வைத்தார். சின்னது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரியது அவர் கையைப் பார்த்துக் கொஞ்சம் நக்கியது.

கார்த்திகை பிறந்ததும் பெரிய பெட்டைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எஸ்தர்ராணி போட்டிருந்த உடையோடு பஸ் ஏறினாள். யோவானையும் மாட்டு டாக்டர் இராமச்சந்திரனையும் கூட்டிக்கொண்டு அவள் திரும்பி வருவதற்குள் அது காலை உதைத்துக்கொண்டு அடங்கிவிட்டது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அங்கேயே அறுத்துப் பார்த்தார். நெஞ்சுக்குள்ளிருந்து மஞ்சள் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. நேசம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். விஷயம் கேள்விப்பட்டு அழகிரிசாமியும் வந்து, கொஞ்சம் தள்ளிக் கைகட்டி நின்றார். தன் மேல் விழுந்த பழிக்கு என்ன முடிவு என்று தெரியாமல் போவதில்லை என்கிற மாதிரி நின்றார்.

"வெசம்தான சார்?" என்றார் வேதமுத்து, அழகிரிசாமியைப் பார்த்துக்கொண்டே.

"வெஷம் மாதிரிதான். ஆனா ஒருநாள்ல வச்சதில்ல," என்றார் டாக்டர். "தெனம் என்ன தீனி போடுதீங்க?"

எஸ்தர்ராணி தவிடு, சோளம், புண்ணாக்கு என்று ஒன்றொன்றாகச் சொன்னாள்.

"என்ன புண்ணாக்கு?"

"கடலைப் புண்ணாக்குதான் சார்."

"பருத்திப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, அப்படி ஏதும்?"

"இல்ல சார். அதெல்லாம் மாட்டுக்குத்தான்."

"ஏன், நான் போட்டேனே," என்றார் வேதமுத்து. சத்தமாகவே சொன்னார். "இவ போடுத தீனியில சீவன் நிக்குமா? நான்தான் தெனம் கொட்டை ஆட்டி ஊத்துனேன். அதுனாலதான் இத்தன நாளாவது நின்னுச்சு."

எஸ்தர்ராணி அவரைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். தொட்டியின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பழுப்புச் சக்கையை அவள் அத்தனை நாளும் தேய்த்துக் கழுவியிருக்கிறாள், தவிடு என்று நினைத்து.

டாக்டர் கையைக் கழுவினார். "பெரியவரே, பருத்திக்கொட்டையில ஒரு நஞ்சு இருக்கு. மாடு அசைபோடுத சீவன். நாலு அறை வயிறு. அந்த நஞ்சு அதுலயே முறிஞ்சுபோகும். பன்னிக்கு நம்மள மாதிரி ஒத்த வயிறு. தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாச் சேந்து நெஞ்சுல நீர் கட்டிரும்."

"நம்மள மாதிரின்னா சொன்னீங்க?"

"ஆமா."

"நாங்க பருத்திப்பால் குடிக்கமே. எங்க அம்மை குடிச்சா, நான் குடிச்சேன், இந்தா நிக்காளே இவளுக்கு இருமலுக்குக் குடுத்தேன். எங்களுக்கு எத்தன வயிறு?"

"நீங்க என்னைக்கோ ஒரு டம்ளர், காய்ச்சிக் குடிக்கீங்க. அது தெனம் வாளிக் கணக்குல பச்சையாக் குடிச்சிருக்கு."

வேதமுத்து விறுவிறுவென்று தொழுவத்துக்குள் போனார். காளைகளுக்கு ஆட்டி வைத்திருந்த வாளியைத் தூக்கி வந்து எல்லோர் முன்னாலும் வைத்தார். ஒரு கை அள்ளி வாயில் போட்டார். மென்றார். தொண்டைக் குழி ஏறி இறங்கியது. இன்னொரு கை அள்ளிப் போட்டார். வெள்ளைச் சாறு தாடியில் வழிந்தது.

"பச்சைதான? பாத்துக்கோங்க. நின்னு பாத்துட்டுப் போங்க, சாகுதேனான்னு."

"பெரியப்பா, விடுங்க," என்று யோவான் கையைப் பிடித்தான். உதறினார்.

அழகிரிசாமி அப்போதுதான் வாய் திறந்தார். "அண்ணாச்சி, நீங்க சாவவேண்டாம். நான் வெசம் வைக்கலன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் போயிருதேன்."

வேதமுத்து வாயில் இருந்ததை விழுங்கினார். அழகிரிசாமி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, ஓடைக்கரையில் குழி தோண்டப் போனார்.

"மிச்சம் ஒண்ணு இருக்கே, அது பொழைக்குமா சார்?" என்று எஸ்தர்ராணி கேட்டாள்.

"இதோட நிறுத்துனா பொழைக்கலாம். சொல்ல முடியாது."

எல்லோரும் போன பிறகு அவள் தகப்பனிடம் வந்தாள். சத்தம் உயரவில்லை. "அய்யா, இனிமே நீங்க பட்டிக்கிட்ட வராதீங்க."

"என் தொழுவத்துக்குள்ள என்னைய வராதங்கியா?"

"தொழுவத்துக்கு வாங்க. பட்டிக்கு வராதீங்க." இருமினாள். புகையோ மழையோ, ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த இருமல். "எனக்காகத்தான் செஞ்சீங்கன்னு தெரியும்யா. ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? ஒத்த வார்த்தை."

அவர் வாளியில் மிச்சம் கிடந்ததை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தார்.

சங்கத்தில் கூடிப் பேசினார்கள். கடுவன் இல்லாமல் ஒற்றைப் பெட்டையை வைத்து ஈற்று பார்க்க முடியாது. பசுவந்தனைப் பக்கம் ஒரு வீட்டில் கடுவன் நிற்கிறது, அந்த வீட்டுக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவானது. வேறு பன்றி எப்போது கிடைக்கும் என்று எஸ்தர்ராணி கேட்டதற்கு யோவான் தலையைச் சொரிந்தான். ஒரு வீட்டில் செத்தால் அடுத்த முறை வேறு வீட்டுக்குத்தான் என்று ஏற்கெனவே பேசி வைத்த ஒழுங்கு.

சனிக்கிழமை சாயங்காலம் யோவான் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். வேதமுத்து காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கரிசல் மண் காலில் அப்பி, செருப்பு கனத்தது. வாசலில் கொடியில் ஒரு பழைய பாவாடையும் தாவணியும் காய்ந்தன. எவ்வளவு அலசினாலும் போகாத மருந்துக் கறை அதில் இருந்தது.

"இது என்னத்துக்கு வெளிய வந்துச்சு?" என்று நேசம்மாளிடம் கேட்டார்.

"திங்கக்கிழமை வண்டிக்குப் போறா. கணக்கப்பிள்ளை வரச் சொல்லிட்டாராம்."

"நான் போகச் சொல்லலையே."

"நீங்க சொல்லல. அவதான் ஆடியிலயே சொல்லிட்டாளே, சரிவரலைன்னா போயிருதேன்னு."

தொழுவத்தில் எஸ்தர்ராணி பன்றியின் காலில் கயிறு மாட்டிக்கொண்டிருந்தாள். யோவானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்த வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லிருங்கண்ணே. தவிடு, சோளம், கடலைப் புண்ணாக்கு. வெயிலுக்குத் தண்ணி தெளிக்கணும். பருத்திக்கொட்டை மட்டும் கண்ணுலயே காட்டக்கூடாது. அவங்க வீட்லயும் பெரியவங்க இருப்பாங்கல்லா, முதல்ல அவங்ககிட்டச் சொல்லணும்."

வேதமுத்து செருப்பைக் கழற்றித் தரையில் தட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் பன்றி தலையைத் தூக்கியது. கயிற்றை இழுத்துக்கொண்டு சுவர் ஓரம் வந்து, மூக்கைச் சுவரின் மேல் வைத்து, அவரைப் பார்த்து உறுமியது. பழைய மாதிரியேதான். அதன் விலா கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கியது. மழை ஈரமாகவும் இருக்கலாம்.

எஸ்தர்ராணி கயிற்றைச் சுண்டி இழுத்தாள். பன்றி நகரவில்லை. அவர் கையையே பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை. அவர் அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அங்கிட்டுப் போங்கய்யா," என்றாள் மகள். "நீங்க நின்னா அது வராது."

"தண்ணி சேரல, அவ்வளவுதான்," என்றார் அவர். "கோவில்பட்டி ஓட்டல் தண்ணி. படம் காட்டுனவன் அதைச் சொல்லல. இப்போ கொட்டை மேல பழியைப் போட்டாச்சு."

யோவான் பன்றியை வண்டியில் ஏற்ற ஒரு கை கேட்டபோது வேலிக்கு அப்பால் இருந்து அழகிரிசாமிதான் வந்தார். வேதமுத்துவின் பக்கம் பார்க்கவில்லை.

வேதமுத்து காளைகளிடம் போனார். காலையில் ஊறப்போட்ட கொட்டை பானையில் உப்பிக் கிடந்தது. ஆட்டுரலில் அள்ளிப் போட்டு ஆட்டினார். வாளியில் வழித்து, செவலைக்கும் மயிலைக்கும் முன்னால் வைத்தார். இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சின. தோல் மினுமினுவென்று இருந்தது.

"இத்தன வருசமா இதத்தான குடிக்க, செத்தா போயிட்ட?" என்று செவலையிடம் கேட்டார். "செத்தா போயிட்ட, சொல்லு?"

வண்டி நகரும் சத்தம் கேட்டது. பன்றி ஒருதரம் கத்தியது. வேதமுத்து காலி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டி போன பக்கம் திரும்பாமல், கொடியில் காயும் தாவணியையும் பார்க்காமல், ஓடைக்கரைப் பாதையில் நடந்தார். நாலு வயிறாம். அந்த டாக்டர் உள்ளே போய் எண்ணிப் பார்த்தவன் மாதிரிதான் பேசினான்.